நின்றுபிடித்தல்
‘ஹுப்பொமொனே’ என்னும் திருமறைச் சொல்லைப் பற்றி

திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. வன்னியில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் திருப்பலி. அந்த வருடம் மழை பிந்திவிட்டது. புழுதியில் விதைத்த வயல்களில் முளைத்தது பாதி, முளையாதது பாதி. அன்றைய இரண்டாம் வாசகம் புனித யாக்கோபின் திருமுகம் ஐந்தாம் அதிகாரத்திலிருந்து வந்தது. முன்மாரிக்கும் பின்மாரிக்குமாகக் காத்திருந்து நிலத்தின் பலனைப் பெறுகின்ற கமக்காரனைப் போல, ஆண்டவரின் வருகைவரை நீங்களும் பொறுத்திருங்கள் என்று திருத்தூதர் கேட்டுக்கொள்ளும் பகுதி அது. வாசகமே மறையுரையைச் செய்து தந்துவிட்டது என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. கமக்காரருக்குப் பொறுமையைப் பற்றி வேறு யார் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தொடங்கி, இருபது நிமிடம் பேசினேன்.

பூசை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது எழுபது வயது கடந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து குந்தினார். அவருடைய மூன்று ஏக்கர் வயற்காணி இன்னும் கம்பிவேலிக்கு அப்பால் கிடக்கிறது. உறுதி கையில் இருக்கிறது. காணிக்குள் கால் வைக்க முடியாது. அவர் கோபமாகப் பேசவில்லை. ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்டார்.

“சுவாமி, கமக்காரன் மழைக்குப் பொறுத்திருப்பான்தான். மழை தன்ரபாட்டில வரும். காணி தன்ரபாட்டில வருமோ?”

எனக்குப் பதில் வரவில்லை. “செபிப்பம் ஐயா” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அந்தக் கேள்வி பின்னால் இருந்து வந்தது. குருவானவர்களுக்கு இப்படித் தப்பிப் போகும் வழிகள் பல உண்டு என்பதை வாசகர்கள் அறிவீர்கள்.

அன்றிரவு கிரேக்க மொழிப் புதிய ஏற்பாட்டை எடுத்து அந்த அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். குருமடத்தில் படித்த கிரேக்கம் பாதிக்கு மேல் துருப்பிடித்துப் போயிருந்தது. ஆயினும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஞாயிறு வாசகம் பத்தாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்த வசனத்தில்தான் யோபு வருகிறார். பத்தாம் வசனம் வரை யாக்கோபு பயன்படுத்தும் சொல் ஒன்று; யோபுவிடம் வரும்போது அவர் பயன்படுத்தும் சொல் வேறொன்று. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டும் பொறுமைதான். கிரேக்கத்தில் அப்படியல்ல.

இரண்டு சொற்கள்

முதலாவது சொல் ‘மக்ரோதுமியா’. ‘மக்ரோ’ என்றால் நீண்டது. ‘துமோஸ்’ என்றால் சினம், மனக்கொதிப்பு. எளிதில் பொங்காத, நீண்ட திரி உள்ள மனம் என்று சொல்லலாம். தீமை செய்கிற மனிதர்மேல் உடனே பாயாமல் இருக்கும் குணத்தைக் குறிக்கவே பெரும்பாலும் இச்சொல் வருகிறது. கடவுள் பாவிகள்மேல் காட்டுவதும் இதுவே.

இரண்டாவது சொல் ‘ஹுப்பொமொனே’. ‘ஹுப்பொ’ என்றால் கீழே. ‘மெனோ’ என்றால் தங்கியிரு, நிலைத்திரு. ஒரு சுமைக்குக் கீழே, நழுவாமல், நிமிர்ந்தபடி நிற்பது. புதிய ஏற்பாட்டில் பெயர்ச்சொல்லாக 32 தடவையும் வினைச்சொல்லாக 17 தடவையும் இது வருகிறது. மனிதர்களைச் சகித்துக்கொள்வதற்கு முதலாவது சொல், நிலைமைகளின் பாரத்துக்குக் கீழே நிற்பதற்கு இரண்டாவது சொல் என்று அறிஞர்கள் பிரித்துக் காட்டுவார்கள். இந்தப் பிரிப்பு எல்லா இடத்திலும் வரப்பு வெட்டினாற்போலப் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். யாக்கோபே மழைக்குக் காத்திருக்கும் கமக்காரனுக்கு முதலாவது சொல்லைத்தான் போடுகிறார். மழை ஒரு மனிதரல்ல. என்றாலும் அந்தப் பெரியவர் ஒரு வசன தூரத்தில் சரியாகவே சுட்டிக்காட்டியிருந்தார். மழைக்குக் காத்திருப்பது ஒன்று. பறிபோனதை நினைத்துக்கொண்டு சாம்பலில் இருக்கும் யோபு செய்தது வேறொன்று.

எம்மிடையே இச்சொல் எப்படி மெலிந்து போயிற்று என்பதையும் சொல்லவேண்டும். இலத்தீன் திருச்சபை இதைப் பெரும்பாலும் ‘பசியென்சியா’ என்று மொழிபெயர்த்தது. துன்பப்படுதல், மேலே வருவதை ஏற்றுக்கொள்ளுதல் என்னும் வினையிலிருந்து வந்த சொல் அது. ஆங்கிலத்தில் நோயாளியையும் பொறுமைசாலியையும் ஒரே சொல்லால் அழைப்பதற்கும் அதுவே காரணம். கட்டிலில் கிடக்கிறவர், தமக்குச் செய்யப்படுவதை ஏற்றுக்கொள்கிறவர். எங்கள் ஞானோபதேசத்துப் பொறுமையிலும் இந்தக் கட்டிலின் வாசனை கொஞ்சம் ஏறியிருக்கிறது.

தமிழ்ச்சொல்லைக் குறை சொல்லவில்லை. ‘பொறை’ என்றால் தமிழில் பாரம் என்றும் பொருள், பொறுமை என்றும் பொருள். பொறுத்தல் என்பதன் அடியிலே தலைச்சுமை இருக்கிறது. கிரேக்கன் கண்ட அதே காட்சியைத் தமிழனும் கண்டுதான் அச்சொல்லை ஆக்கினான். பிற்பாடு அதிலிருந்து சுமையைக் கழற்றிவிட்டு, வாயை மூடிக்கொண்டிருப்பதை மட்டும் வைத்துக்கொண்டோம். 1995இல் வெளியான திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, உரோமையர் திருமுகத்தில் இதனை ‘மனவுறுதி’ என்று பெயர்த்தது. அது நல்ல திருத்தம். ஆனாலும் எங்கள் ஊர்ப் பேச்சில் அதைவிடப் பொருத்தமான ஒரு சொல் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

யோபு வாய்மூடி இருந்தாரா?

யோபுவின் பொறுமை என்று பழமொழி போலச் சொல்கிறோம். சொல்கிறவர்களில் அந்த நூலை முதல் இரண்டு அதிகாரத்துக்கு அப்பால் வாசித்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. தொடக்கத்தில் யோபுவிடம் 7,000 ஆடு, 3,000 ஒட்டகம், 500 ஏர் மாடு, 500 பெண்கழுதை. ஒரே நாளில் எல்லாம் போயின. மாடுகள் உழுதுகொண்டிருந்தபோதே கொள்ளையர் வந்து ஓட்டிச் சென்றார்கள், வேலையாட்களை வெட்டினார்கள். ஏரில் பூட்டிய மாட்டை இழப்பது என்ன என்பதை இவ்விதழின் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. பின்னர் வீடு விழுந்து பிள்ளைகளும் மடிந்தார்கள்.

அவ்வேளை யோபு பணிவோடு கடவுளைப் போற்றினார். ஆனால் மூன்றாம் அதிகாரத்தில் வாய் திறக்கிறார். பிறந்த நாளையே சபிக்கிறார். அதன்பின் முப்பத்தோராம் அதிகாரம் வரை வழக்காடுகிறார். கடவுளோடு நேருக்கு நேர் நின்று பேச வேண்டும், என் வழக்கைக் கேட்க வேண்டும் என்று கேட்கிறார். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள்தான் ‘அமைதியாய் இரு, உன் பாவத்தை ஒத்துக்கொள்’ என்ற பாணியில் பேசுகிறார்கள். முடிவில் கடவுள் யார் பக்கம் நின்றார்? யோபு பேசியதைப் போல நீங்கள் என்னைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று அந்த நண்பர்களைத்தான் கடிந்துகொள்கிறார் (யோபு 42:7).

இன்னொன்று. யோபுவின் நீண்ட வாதம் எதில் முடிகிறது தெரியுமா? காணியில். தன் நிலம் தனக்கு எதிராக முறையிட்டிருந்தால், அதன் உழவுசால்கள் அழுதிருந்தால், கோதுமைக்குப் பதிலாக முள் முளைக்கட்டும் என்று சத்தியம் செய்கிறார் (31:38-40). யோபுவின் வார்த்தைகள் அத்தோடு முடிந்தன என்று நூலும் சொல்கிறது. இந்த மனிதரைத்தான் யாக்கோபு ஹுப்பொமொனேக்கு எடுத்துக்காட்டாகத் தருகிறார்.

யாக்கோபும் ஊமைகளுக்கு எழுதவில்லை. பொறுத்திருங்கள் என்று சொல்வதற்கு மூன்று வசனம் முன்னால், வயலில் அரிவி வெட்டியவர்களுக்குக் கொடாமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டிவிட்டது என்று செல்வந்தர்களைப் பார்த்து முழங்குகிறார். பத்தாம் வசனத்தில் பொறுமைக்கு அவர் காட்டும் மாதிரிகள் இறைவாக்கினர்கள். ஆண்டவரின் பெயரால் பேசியவர்கள் என்று எடுத்துச் சொல்கிறார். எனது மறையுரையில் இவற்றில் ஒன்றுமே இருக்கவில்லை. மழையும் கமக்காரனும் மட்டும் இருந்தார்கள்.

விட்டு ஓடியவர்களும் நின்றவர்கள்தானா?

இவ்விடத்தில் இன்னொரு கேள்வி எழுகிறது. இடம்பெயர்ந்தோர் மத்தியில் பலகாலம் வாழ்ந்ததால் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘மெனோ’ என்றால் தங்கியிருத்தல். லூக்கா நற்செய்தியில் சிறுவன் இயேசு, பெற்றோர் புறப்பட்ட பின்னும் எருசலேமிலேயே தங்கிவிட்டார் என்று சொல்லுமிடத்தில் (2:43) வருவதும் இந்த ஹுப்பொமொனேயின் வினைச்சொல்தான். அப்படியானால் வீட்டையும் கிணற்றையும் மாட்டையும் விட்டு வந்தவர்கள் நிலைத்து நிற்காதவர்களா? 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு மழையில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்கள், 2008, 2009இல் வன்னிக்குள்ளேயே ஊர் ஊராகத் தறப்பாளைக் கழற்றிக் கட்டியவர்கள், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், இவர்கள் எல்லாம்? “நாங்கள் விட்டிட்டு ஓடி வந்தனாங்கள்தானே சுவாமி” என்று ஒரு தாய் என்னிடம் சொன்னது பாவசங்கீர்த்தனத்தின் தொனியில் இருந்தது. வயதுபோன மாமியாரை வழியில் விட்டுவர நேர்ந்தவர் அவர்.

மத்தேயு பத்தாம் அதிகாரம் 22ஆம் வசனத்தை எடுங்கள். இறுதிவரை நிலைத்து நிற்பவர் மீட்கப்படுவார் என்கிறார் ஆண்டவர். இங்கே வருவது எமது சொல். 23ஆம் வசனத்தில், அடுத்த மூச்சிலே என்ன சொல்கிறார்? ஓர் ஊரில் உங்களைத் துன்புறுத்தினால் மற்ற ஊருக்கு ஓடிப்போங்கள் என்கிறார். மாற்கு 13இல் நிலைத்து நிற்பதைப் பற்றிய வசனம் 13ஆவது. யூதேயாவில் உள்ளவர்கள் மலைகளுக்கு ஓடட்டும் என்பது 14ஆவது. மத்தேயு 24இலும் லூக்கா 21இலும் இந்த இரண்டும் சில வரி இடைவெளியில் சேர்ந்தே வருகின்றன. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் அந்த நாட்கள் எவ்வளவு கொடியவை, உங்கள் ஓட்டம் மாரிகாலத்தில் நேராதபடி மன்றாடுங்கள் என்றுகூட ஆண்டவர் சொல்கிறார். ஓடுவது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. குழந்தையாய் இருந்தபோதே எகிப்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர் அவர்.

ஆகவே நற்செய்தியாளர்களின் மனத்தில் ஓடுவதும் நிலைத்து நிற்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. நிலைத்திருக்க வேண்டியது எல்லையிட்ட ஒரு துண்டுக் காணியின் மேல் அல்ல. பிள்ளையைக் காப்பாற்ற ஓடியவர் சுமைக்குக் கீழிருந்து நழுவவில்லை; சுமையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இதை அந்தத் தாயிடம் சொல்ல எனக்குச் சில வருடங்கள் பிந்திவிட்டது. சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. மாமியாருக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னார்.

எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தின் வாசகர்களும் உடைமை பறிகொடுத்தவர்களே. பத்தாம் அதிகாரத்தில் அதன் ஆசிரியர், துன்பங்களின் பெரும் போராட்டத்தில் நீங்கள் நிலைத்து நின்றீர்கள், உடைமைகள் கொள்ளைபோனதையும் ஏற்றுக்கொண்டீர்கள் என்று பழையதை ஞாபகப்படுத்துகிறார். அத்தோடு விட்டுவிடாமல், இனியும் உங்களுக்கு ஹுப்பொமொனே தேவை என்கிறார். பெரிய துன்பம் முடிந்த பின்னர் வரும் நீண்ட சாதாரண காலத்துக்கும் அது தேவைப்படுகிறது. முகாமில் நின்றுகொண்டவர்கள் சிலர், ஊருக்குத் திரும்பிய பின் குழுக்கடன் தவணைக்காரனின் மோட்டார் சைக்கிள் சத்தத்தில் உடைந்து போனதை நாம் கண்டிருக்கிறோம். 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையோடு வயலைக் கைவிட்டவர்களும் உண்டு. யாரையும் குறை சொல்வதற்கில்லை. முதலாவது நிற்றலுக்குச் செலவழிந்த பலம் இரண்டாவதற்கு மிச்சம் இருப்பதில்லை.

வற்றிய குளமும் இஸ்ரயேலின் நம்பிக்கையும்

கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலிருந்து, அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த யூதர்கள் தங்கள் எபிரேயத் திருநூல்களைக் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கினார்கள். அவர்களும் சொந்த மண்ணுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் ஹுப்பொமொனேயை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தபோது எனக்கு வியப்பாய் இருந்தது. பொறுமைக்கு அல்ல, நம்பிக்கைக்கு. ஆண்டவருக்காகக் காத்திருப்போர் கழுகுபோல் இறக்கை விரித்து எழுவர் என எசாயா கூறும் இடத்தில் (40:31) அவர்கள் இட்டது இதன் வினைச்சொல். 71ஆம் திருப்பாடலில் ஆண்டவரே என் நம்பிக்கை என்று வருமிடத்தில், நீரே என் ஹுப்பொமொனே என்றுதான் கிரேக்கத்தில் நிற்கிறது.

எரேமியா 14ஆம் அதிகாரம் இன்னும் எமக்குக் கிட்ட. அது கடும் வரட்சியைப் பற்றியது. பிரபுக்கள் வேலைக்காரரைத் தண்ணீருக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் நீர்த்தொட்டிகளில் ஒன்றும் காணாமல் வெறுங்குடத்தோடு திரும்புகிறார்கள். மழையில்லாமல் நிலம் வெடித்துக் கிடக்கிறது. உழவர்கள் வெட்கத்தால் தலையை மூடிக்கொள்கிறார்கள். அந்த வெடித்த தரையில் நின்றுகொண்டுதான் இறைவாக்கினர் கடவுளை இஸ்ரயேலின் நம்பிக்கையே என்று அழைக்கிறார். கிரேக்கத்தில் அது ‘இஸ்ரயேலின் ஹுப்பொமொனே’.

அந்த இடத்தில் எபிரேயத்தில் இருக்கும் சொல் ‘மிக்வே’. இதே எழுத்துக்களைக் கொண்ட சொல்தான் தொடக்கநூல் முதலாம் அதிகாரத்தில் ஒன்றுசேர்ந்த தண்ணீருக்கும் வருகிறது. நம்பிக்கை என்றும் நீர்த்தேக்கம் என்றும் இரு பொருள். எரேமியா இதை அறிந்தே விளையாடுகிறார். 17ஆம் அதிகாரத்தில் கடவுளை இஸ்ரயேலின் மிக்வே என்று அழைத்துவிட்டு, அதே வசனத்தில் அவரை உயிருள்ள நீரின் ஊற்று என்கிறார். குளத்தை நம்பி வாழ்கிறவர்களுக்கு இந்தச் சொல்விளையாட்டு எந்த மறைநூல் அறிஞரையும்விட விரைவாக விளங்கும். குளம் காத்திருக்கிறது, ஆனால் குளக்கட்டைத் திருத்தாமல், துருசைப் பார்க்காமல், வாய்க்காலைத் துப்புரவாக்காமல் மாரிக்குக் காத்திருக்கும் கமக்கார அமைப்பு எங்காவது உண்டா?

பிழிபடுதல்

புனித பவுல், எங்கள் அப்பு ஆச்சிமார் சின்னப்பர் என்று அழைத்தவர், உரோமையர் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு சங்கிலி கோர்க்கிறார். துன்பத்திலிருந்து ஹுப்பொமொனே, அதிலிருந்து தேர்ந்து தெளிந்த தன்மை, அதிலிருந்து நம்பிக்கை. இங்கே துன்பம் என்று வருவது ‘த்லிப்சிஸ்’, நெருக்கிப் பிழிதல். மக்கள் கூட்டம் இயேசுவை நெருக்கித் தள்ளியது என்று மாற்கு எழுதும் இடத்தில் இதன் வினைச்சொல் வருகிறது. செக்கில் எள்ளு படும் பாட்டை நினைத்துக்கொள்ளலாம்.

துன்பம் மனிதரைத் தானாகவே நல்லவராக்கும் என்று பவுல் சொல்வதாக எடுத்துக்கொண்டால் அது பெரிய பிழை. பிழிபட்டவர்கள் எல்லோரிடமிருந்தும் எண்ணெய் வருவதில்லை. கசிப்பு வருவதை நாம் கண்டிருக்கிறோம். பிள்ளைக்கு விழும் அடி வருவதைக் கண்டிருக்கிறோம். பவுலின் சங்கிலி ஐந்தாம் வசனத்தில் கடவுளின் அன்பு எம் உள்ளங்களில் ஊற்றப்பட்டது என்பதில்தான் தொங்குகிறது. அந்தக் கொக்கி கழன்றால் மிச்சமெல்லாம் கீழே.

இதனால்தான் திருவெளிப்பாட்டில் எபேசு சபைக்கு வந்த கடிதம் என்னை அச்சுறுத்துகிறது. அந்த நூலில் ஏழு தடவை வரும் ஹுப்பொமொனேயில் இரண்டு எபேசுக்குரியவை. உன் நிலைத்து நிற்றலை அறிவேன், என் பெயருக்காக நின்றாய், தளரவில்லை என்று பாராட்டு. உடனேயே, ஆனால் முதலில் உன்னிடமிருந்த அன்பை நீ விட்டுவிட்டாய் என்று குற்றச்சாட்டு. நின்று நின்று மரத்துப் போனவர்கள் அவர்கள். நிவாரணப் பட்டியலில் அயலவனின் பெயரை வெட்டச் சொல்லிக் கடிதம் எழுதியவர்கள் கெட்ட மனிதர்கள் அல்லர். பல வருடம் நின்றவர்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். சுமைக்குக் கீழே நில் என்பதை, குடித்துவிட்டு அடிக்கும் புருஷனின் கைக்குக் கீழே நில் என்று பெண்களுக்குச் சொன்ன குருக்களும் பெரியவர்களும் எம்மிடையே உண்டு. விவிலியத்தில் இச்சொல் அதற்குத் தரப்படவில்லை. ஓர் ஊரில் துன்புறுத்தினால் மற்ற ஊருக்கு ஓடு என்ற வசனம் வீட்டுக்குள்ளும் செல்லும்.

ஓடிக்கொண்டே நிற்றல்

எபிரேயர் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இச்சொல் ஓட்டப்பந்தயத்தோடு வருகிறது. ஹுப்பொமொனேயோடு ஓடுவோம் என்கிறார் ஆசிரியர். நிலைத்திருந்து எப்படி ஓடுவது? அடுத்த வசனத்தில் இயேசு சிலுவையை ஏற்று நின்றார் என்று அதே வினையைப் போடுகிறார். சிலுவை இயேசுவுக்குத் தானாக வந்து விழவில்லை. எருசலேமுக்குப் போவேன் என்று முகத்தைத் திருப்பி நடந்து போனார்.

எமக்குக் கிட்ட ஓர் உதாரணம் சொல்கிறேன். இரணைதீவு மக்கள் 1992இல் தீவை விட்டு இடம்பெயர்ந்தவர்கள். முழங்காவில் பக்கத்தில் இரணைமாதா நகரில் குடியிருந்தார்கள். தீவு கடற்படையின் கட்டுப்பாட்டில் இருந்தது. மகஜர் கொடுத்தார்கள், கூட்டம் வைத்தார்கள். 2017 மே மாதம் தொடர் போராட்டம் தொடங்கி ஏறத்தாழ ஒரு வருடம் கரையில் இருந்தார்கள். 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வள்ளங்களில் ஏறி, வெள்ளைக் கொடியோடு, தங்கள் தீவுக்குத் தாங்களே போனார்கள். கல் எறியவில்லை, திரும்பியும் வரவில்லை. இடையில் 26 வருடம். கரையில் இருந்த அந்த ஒரு வருடம் காத்திருத்தலா, ஓட்டமா? கிரேக்கச் சொல் இரண்டையும் கொள்ளும்.

இனி, பின்னர் சொல்வதாகக் கூறிய எங்கள் ஊர்ச் சொல். தெயோப்பிராஸ்து என்பவர் அரிஸ்தோத்திலின் மாணவர். பயிர்பச்சைகளைப் பற்றி எழுதிய பழைய கிரேக்க அறிஞர். அவர் ஹுப்பொமொனே என்ற இதே சொல்லைச் செடிகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்: கடினமான நிலைமையைத் தாங்கி உயிரோடு இருக்கும் ஆற்றல் என்ற பொருளில். இதை வாசித்தபோது, தண்ணீர் தேங்கிய வயலைப் பார்த்து எம்மவர் சொல்வது ஞாபகத்துக்கு வந்தது. இந்த நெல்லு வெள்ளத்துக்கு நிண்டுபிடிக்கும், அது நிண்டுபிடிக்காது என்பார்கள். நின்றுபிடித்தல். நிற்பதும் இருக்கிறது, பிடிப்பதும் இருக்கிறது. மண்ணுக்குள்ளே வேர் சும்மா இருப்பதில்லை.

லூக்கா நற்செய்தியாளர் விதைப்பவர் உவமையில் செய்த ஒரு சிறு மாற்றமும் இப்போது விளங்குகிறது. பாறையில் விழுந்த விதை ஈரமில்லாததால் கருகியது என்று எழுதியவர் அவர் மட்டுமே. முடிவில் மத்தேயுவும் மாற்கும் நல்ல நிலம் முப்பது, அறுபது, நூறு மடங்கு தந்தது என்று விளக்கத்தை முடிக்க, லூக்கா அந்தக் கணக்கை விட்டுவிட்டு, நல்ல நிலத்தவர் ஹுப்பொமொனேயில் பலன் தருவர் என்று எழுதுகிறார் (8:15). எத்தனை மூடை என்று கேட்கவில்லை.

இந்த மாதம் அந்தக் கிராமத்துக்குத் திரும்பப் போயிருந்தேன். பெரியவர் வீட்டு முற்றத்தில் மிளகாய் நாற்றுமேடைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். குந்தியிருந்து, கிரேக்கச் சொல், யோபு, எரேமியாவின் குளம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் மறையுரையில் விட்ட பிழையையும் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

“அப்ப அது பொறுமையில்லை சுவாமி. நிண்டுபிடிக்கிறது” என்றார்.

நான் சொல்ல வைத்திருந்த சொல்லை அவரே சொல்லிவிட்டார். பிறகு உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தார். உறுதி, 1980களில் கட்டிய வரிப் பற்றுச்சீட்டுகள், நில அளவைப் படம், மூன்று தடவை இடம்பெயர்ந்தபோதும் அரையில் கட்டிக் கொண்டுவந்தவை. செவ்வாய்க்கிழமை பிரதேச செயலகத்தில் காணி நடமாடும் சேவை. உறுதியின் இரண்டாம் பக்கத்தில் எழுத்து மங்கியிருந்தது; போட்டோப் பிரதியில் விழுமா என்று கேட்டார். காலை ஏழு மணி பஸ்ஸில் எட்டுக் குடும்பங்கள் போகின்றன. நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.